வீட்டில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்க்க முடியுமா?

மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை, பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அது ரவுட்டர் வேலையைப் பார்க்கக் கூடாது, வெறும் ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியாக, இருந்தால் போதும். வீட்டுக்குள் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுக்கிற வேலை ஒரே ஒரு கருவியிடம் இருக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ரவுட்டரிலிருந்து வந்த கேபிளை இரண்டாவதின் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் துளையில், செருகினேன். இணையம் வந்தது, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். மறுநாள் கீழ்த்தளத்திலிருந்து பிரிண்ட் கொடுத்தால் மாடியில் இருக்கும் பிரிண்டரே தெரியவில்லை. பார்த்தால் லேப்டாப்புக்கு 192.168.1.20, பிரிண்டருக்கு 192.168.0.101. ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க், பிரிண்டர் இரண்டாவது ரவுட்டரின் NAT-க்குப் (உள் முகவரிகளை மறைத்து வெளியே ஒரே முகவரியாகக் காட்டும் ஏற்பாடு) பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. ஆன்லைன் கேம், வெளியிலிருந்து கேமரா பார்ப்பது போன்றவையும் இந்த இரட்டை NAT-இல்தான் தகராறு செய்யும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பை அதனுடன் மட்டும் கேபிளால் இணைத்து, செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் முதலில் லான் (LAN) ஐபியை, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் இந்த ரவுட்டரின் சொந்த முகவரியை, மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். முதல் ரவுட்டர் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் எண் வரிசைக்குள் அது வந்துவிடக் கூடாது. அப்புறம் புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்க வேண்டியிருக்கும். கடைசியாக முதல் ரவுட்டரின் லான் போர்ட்டிலிருந்து இதன் லான் போர்ட்டுக்கு ஒரே ஒரு கேபிள். வேகம் கூடும் என்று இரண்டாவது கேபிளையும் செருகினால் தகவல் சுற்றிச் சுற்றி வரும் லூப் ஆகி மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

இரண்டிலும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை ஒன்றாகவே இருக்கட்டும், சேனல் (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசை) மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 6 அல்லது 11. மாடிக்கு வந்த பிறகும் போன் கீழ் ரவுட்டரையே பிடித்துத் தொங்கினால், கீழே சிக்னல் சக்தியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

கேபிளையும் சோதித்துவிடுங்கள். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும், ஒன்று முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் (அழுத்திப் பொருந்தாவிட்டாலும்) பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால்தான் ரிப்பீட்டர் (வைஃபையைக் கேபிள் இல்லாமலே வாங்கி மறுபடி பரப்பும் கருவி). ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் வகையென்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.