கறியை விட்ட இடத்தில் என்ன வைத்தீர்கள்?

கேள்வி: மனம் ஒப்பாமல் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். பாண்டி கோயிலில் கிடா வெட்டிக் காதுகுத்து நடந்தபோது, "கறி திங்காத உடம்புல தெம்பு எங்கிட்டு இருந்து வரும்?" என்று மாமியார் பந்தியிலேயே கேட்டுவிட்டார். சோறு, ரசம், பொரியல், கடுங்காப்பி இவைதான் என் சாப்பாடு. பாலும் தயிரும் பிடிக்காது. எடை 55 கிலோ. கொஞ்ச நாளாக அசதி, பாதத்தில் எறும்பு ஊர்கிற உணர்வு. அவர்கள் சொல்வது உண்மையா டாக்டர்?
வாசகி (வயது 34), உசிலம்பட்டி

பதில்: உறவினர் பேச்சை விட, நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அந்தப் பாத உணர்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

கறி இல்லாமல் தெம்பாக வாழ முடியும். ஆனால் நீங்கள் கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. உங்கள் எடைக்குத் தினமும் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ரசத்திலும் பொரியலிலும் அது கிடைக்காது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் இருக்கிறது, நிலக்கடலையில் 25, மீல் மேக்கரில் 50. தினம் ஒரு வேளையாவது கெட்டியான பருப்பு, கூடவே சுண்டல், ஒரு கை கடலை என்று சேருங்கள். சோற்றில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் உண்டு. அதனால் பருப்புச் சோறு நல்ல சேர்க்கை. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு காபி குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பி12 வைட்டமின் விஷயம் வேறு. நம் சாப்பாட்டில் அது அசைவத்திலும் பால், தயிரிலும்தான் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகும். தெரியும்போது அசதி, கால் மரத்துப்போவது, ஞாபக மறதி என்று வரும். ரொம்ப நாள் விட்டால் நரம்புப் பாதிப்பு முழுசாகத் திரும்பாமலும் போகலாம். பாலும் தயிரும் வேண்டாம் என்பவர்களுக்கு பி12 மாத்திரை கட்டாயம்.

உங்கள் மாமியார் சுடச்சுடக் கேட்டிருக்கலாம். ஆனால் ஈரல் வறுவலும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்துப் பிள்ளை பெற்றவளைத் தேற்றிய தலைமுறை அவர்கள். ஈரலில் இரும்பும் பி12ம் நிறைய இருக்கிறது, அந்த நம்பிக்கை வெறும் கற்பனை இல்லை. அந்த அக்கறையை மதித்துப் பேசுங்கள். அதற்காக ஒரு துண்டு தின்றே ஆக வேண்டும் என்பதில்லை.

பந்தியில் "வயிறு ஒத்துக்கல" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களை நோயாளியாக்கி, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "எனக்குக் கறி வேணாம் அத்தை, ரசம் ஊத்துங்க" போதும். இன்னொருவர் நேர்த்திக்கடன் செலுத்துகிற இடத்தில் உயிர்க்கொலை பற்றி விவாதம் வேண்டாம், அது அவர்களைப் புண்படுத்தும். வீட்டில் தனியாக இருக்கும்போது, "ரத்தம் பார்க்கப் போறேன், நீங்களும் வாங்க அத்தை" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வாரமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை, தைராய்டு பாருங்கள். கால் உணர்வுக்குச் சர்க்கரையும் காரணமாகலாம், எல்லாப் பழியையும் சைவத்தின் மேல் போட வேண்டாம். அதுவரை நீங்களாகச் சத்து மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். பி12 குறைவாக இருந்தால் ஊசியா மாத்திரையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார்.