வீட்டை ரினோவேட் செய்யும்போது ஃபைபர் பாயிண்ட்டை வேறு சுவருக்கு மாற்றலாமா? காண்டிராக்டரே செய்யலாமா?

மாற்றலாம். ஆனால் காண்டிராக்டர் கையில் கொடுக்காதீர்கள். இணைய நிறுவனத்தின் ஆள் வந்து கழற்ற வேண்டும், அவர்கள் ஆளே திரும்ப மாட்ட வேண்டும். அதுவும் சுவரை உடைக்க நாள் குறிப்பதற்கு முன்பே அவர்களிடம் தேதி வாங்கிவிட வேண்டும். "சின்ன வயர்தானே, நானே பார்த்துக்கிறேன்" என்று உங்கள் காண்டிராக்டர் இந்நேரம் சொல்லியிருப்பார். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்.

அதற்கு முன்னால், எதை நகர்த்த வேண்டும் என்று நின்று பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு வயர் வீட்டுக்கு வருகிறது. அது சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியில் முடிகிறது, அதுதான் ஃபைபர் பாயிண்ட். அந்தப் பெட்டியிலிருந்து பச்சை முனை வைத்த மெல்லிய வயர் மோடமுக்குப் போகிறது. மோடமிலிருந்து ரவுட்டருக்குப் போவது சாதாரண லேன் வயர். கண்ணாடி இழை முதல் இரண்டில் மட்டும்தான். வைஃபை பெட்டியை மாடிக்கோ பின் அறைக்கோ கொண்டுபோவதுதான் உங்கள் தேவை என்றால் ஃபைபரைத் தொடவே வேண்டாம், லேன் வயரை நீட்டினால் போதும். கேட் 6 வயர் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். நம்மூர் வரிசை வீட்டின் முன்வாசலிலிருந்து பின்கதவு வரை எழுபது, எண்பது அடிதான். மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் பெட்டி அங்கேயே இருக்கட்டும், லேன் வயரின் மறுமுனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை பரப்பும் இன்னொரு பெட்டி, மாட்டிக்கொள்ளலாம்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. நாங்கள் இருப்பது பினாங்கு சுங்கை ஆராவில் ஒரு வரிசை வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார், அந்தக் குறுகலான வாசலில் ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொள்வார். ஃபைபர் பெட்டி அதே சுவரில்தான், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் போனால் பெட்டியும் போக வேண்டும்.

நான் வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவள். சின்னச் சின்னக் கடைகள், இரண்டு மூன்று ஒர்க்‌ஷாப்புகள் என்னிடம் கணக்குக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய வேலையாட்களுக்கு இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தா எல்லாம் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். லைன் இல்லாமல் உட்கார முடியாது. அதனால் முன்கூட்டியே நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், இங்கே அது முக்கியமில்லை. எடுத்த எடுப்பில் "வீடு மாறுகிறீர்களா?" என்றார்கள். இதில் கவனமாக இருங்கள். வீடு மாற்றுவது வேறு கோரிக்கை, ஒரே வீட்டுக்குள் பெட்டியை நகர்த்துவது வேறு கோரிக்கை. வீடு மாற்றம் என்று பதிந்துவிட்டால் இருக்கிற லைனையே நிறுத்த வழி செய்துவிடுவார்கள். "அதே முகவரி, அதே வீடு, பாயிண்ட் மட்டும் வேறு சுவருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, கோரிக்கை எண்ணையும் வாங்கி எழுதி வைத்தேன். தேதியும் கொடுத்தார்கள்.

அந்தத் தேதியைக் காண்டிராக்டரிடம் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். பெட்டியைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, "ஜாங்கான் போத்தோங்" என்று மலாயில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். வெட்டாதே என்று அர்த்தம். அவருடைய ஆட்கள் எல்லாருக்கும் அது புரியும்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே உடைத்துவிட்டார்கள். நான் அம்மாவைக் கண் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். காண்டிராக்டர் எனக்குப் போன் செய்யவில்லை. கோலாலம்பூரில் செத்தாபாக்கில் இருக்கிற என் அண்ணனுக்குப் போன் செய்து, "இன்னைக்கே உடைச்சிரலாமா, வயர் ஒண்ணு இருக்கு" என்று கேட்டிருக்கிறார். அண்ணனும் "வெட்டிருங்க, அப்புறம் ஒட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வீட்டில் இருப்பது நானும் அம்மாவும். வேலைக்குப் பணம் கொடுப்பது நான். லைன் என் பெயரில், கரண்டு பில் என் பெயரில். அண்ணன் தீபாவளிக்கு வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். எனக்கு அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் முதல் நாள் விலை பேச அவர் கூட வந்தார் என்பதற்காக, டைல்ஸ் நிறத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்டார்கள். கார் ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதைதான், ஏர்கோன் பழுது பார்க்க வருகிறவர்களிடமும் இதே கதைதான். வாசலில் நான் நிற்கும்போதே "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று என்னையே கேட்கிறார்கள். ஐம்பது வயதுப் பெண், இத்தனை கடைகளின் கணக்கைப் பார்ப்பவள், தன் வீட்டுச் சுவரை எப்போது உடைப்பது என்று முடிவு செய்ய மாட்டாளா? சண்டைக்காரி என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்பி வந்தபோது மோடமில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வெட்டிய இரண்டு முனைகளையும் கரண்டு வயரைப் போல ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். செம்பு வயர் என்றால் அது வேலை செய்யும். ஃபைபரில் ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். இழையின் தடிமன் 0.125 மில்லிமீட்டர், அதன் நடுவில் வெளிச்சம் போகும் பாதை அதைவிடப் பல மடங்கு சின்னது, ஏறக்குறைய 9 மைக்ரான். தலைமுடியே அந்தப் பாதையைவிடப் பல மடங்கு தடிமன். இரண்டு முனையும் நேருக்கு நேர் துல்லியமாகச் சேராவிட்டால் வெளிச்சம் அங்கேயே சிதறிப் போகும். முறுக்கினால் கண்ணாடி நொறுங்கத்தான் செய்யும்.

நிறுவனத்தின் ஆள் வரும் வரைக்கும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை. சொக்சோ பட்டியலை ஏற்றும்போது பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவோடு அம்மா தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவார். அதுவும் இல்லாமல் போனது.

வந்தவர் ஓர் இளம் மலாய்க்காரப் பையன். நான் "அடிக்" (தம்பி) என்று கூப்பிட்டேன், அவர் என்னை "காக்" (அக்கா) என்றார். கறுப்பு டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பழைய வயர் புது இடத்துக்கு எட்டாது, நடுவில் ஒட்டுப் போட்டுச் சுவருக்குள் புதைப்பது சரிவராது என்று சொல்லி, கம்பத்திலிருந்து புது வயரே இழுத்தார். அப்புறம் கார் போர்ச்சில் ஒரு ஸ்டூலைப் போட்டு, இழைகளை ஒட்டும் மெஷினை வைத்தார். வயரின் மேல்தோலை உரித்து, இழையை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து நேராக வெட்டினார். பச்சை முனையுள்ள குட்டி வயரின் இழையையும் அப்படியே. இரண்டையும் மெஷினுக்குள் எதிரெதிராக வைத்து மூடியதும் "காக், பாருங்க" என்றார். திரையில் இரண்டு சாம்பல் நிறக் குழாய்கள் போலத் தெரிந்தன. தானாகவே மேலும் கீழும் நகர்ந்து நேர்கோட்டில் வந்து நின்றன. ஒரு பொறி. அவ்வளவுதான், நடுவில் கோடுகூட இல்லாமல் ஒன்றாகிவிட்டது. அதன்மேல் ஒரு சின்ன உறையைச் சூடாக்கிச் சுருக்கி, பெட்டிக்குள் வட்டமாகச் சுற்றி வைத்தார். கடைசியாக, வந்து சேரும் வெளிச்சத்தை மீட்டரில் அளந்து காட்டினார். டெசிபெல் கணக்கில் மைனஸ் 19 என்று வந்தது. பொதுவாக மைனஸ் 27க்குக் கீழே போனால் மோடம் தடுமாற ஆரம்பிக்கும் என்றார்.

"எங்கள் வீட்டில் மாமா பையனே மாற்றினான், இன்றுவரை ஓடுகிறது" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஓடலாம். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் வெளிச்சம் பாதியாகிறது. மெஷினில் சரியாகப் போட்ட ஒட்டில் 0.1 டெசிபெல்கூடப் போகாது, மோசமான ஒட்டில் டெசிபெல் டெசிபெலாகப் போகும். இன்றைக்கு மைனஸ் 26ல் ஓடுகிற லைன், பச்சை முனையில் கொஞ்சம் சிமெண்டுத் தூசி படிந்தால் நாளைக்கே விழுந்துவிடும். பழுது பார்க்க வருகிறவர் அந்த ஒட்டைப் பார்த்தால் செலவு உங்கள் தலையில்தான். அந்தப் பெட்டியும் வயரும் நிறுவனத்தின் சொத்து.

இன்னொரு கூட்டம், ஃபைபர் வளையாது என்பதெல்லாம் பழைய கதை என்று சொல்லும். அதில் உண்மை இருக்கிறது. பழைய வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீடுகளுக்கு இப்போது போடும் வகைகள் 10, சிலது 7.5 மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும். அப்படியும் சுவர் மூலையில் கரண்டு வயரை மடிக்கிற மாதிரி மடித்து, மேலே பிளாஸ்டர் பூசினால் தாங்காது. உங்கள் வீட்டில் எந்த வகை இருக்கிறது என்று காண்டிராக்டருக்கு எப்படித் தெரியும்?

காண்டிராக்டர்களை எல்லாம் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் காண்டிராக்டரின் டைல்ஸ் வேலை அவ்வளவு சுத்தம், பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அவரால் உங்களுக்கு ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது பைப். இணைய நிறுவனத்து ஆட்கள் பெரும்பாலும் சுவருக்கு மேலேயே வயரை ஓட்டி கிளிப் அடித்துவிட்டுப் போவார்கள், சுவரை வெட்டிப் புதைக்க மாட்டார்கள். வயர் வெளியே தெரியக் கூடாது என்றால், சுவர் திறந்து கிடக்கும்போதே கார் போர்ச் பக்கத்திலிருந்து புது இடம் வரைக்கும் 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் புதைக்கச் சொல்லுங்கள். திருப்பம் எல்லாம் அகலமான வளைவாக இருக்க வேண்டும், எல்போ வைக்கக் கூடாது. உள்ளே ஒரு நைலான் கயிற்றைப் போட்டு இரண்டு முனையும் வெளியே தெரிய விடச் சொல்லுங்கள், வருகிறவர் அதில் கட்டி இழுத்துக்கொள்வார். கரண்டு வயரை அந்தப் பைப்பில் சேர்க்க விடாதீர்கள். பெட்டி வரும் இடத்தில் இரண்டு பிளக் பாயிண்ட் வேண்டும், மோடமுக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று. பைப் போட வந்த கையோடு ஹாலிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் லேன் வயரும் இழுத்துவிடுங்கள். பிறகு செய்தால் மறுபடி சுவரை வெட்ட வேண்டும்.

உடைக்கும் நாட்களில் பச்சை முனையைக் கழற்றினால் அதன் சின்ன மூடியைப் போட்டு வையுங்கள். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

நீங்கள் இருப்பது தரை வீடா, கொண்டோவா என்று கேள்வியில் இல்லை. கொண்டோ என்றால் முதலில் மேனேஜ்மெண்ட் ஆபீசில் கேளுங்கள், வயர் வருகிற ரைசர் அறையின் சாவி அவர்களிடம்தான் இருக்கும். சில பழைய கொண்டோக்களில் கட்டடம் வரைதான் ஃபைபர், வீட்டுக்குள் வருவது பழைய டெலிபோன் செம்பு வயராக இருக்கலாம். அந்த வீடுகளுக்கு நான் இதுவரை சொன்னதெல்லாம் பொருந்தாது. ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வட்டாரத்துக் கடைவீடு என்றால், 2008லிருந்து அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அஞ்சடி (கடை முன்னால் உள்ள நடைபாதை) பக்கத்து முன்சுவரில் ஓட்டை போடும் முன் மாநகர் மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தரை வீடு என்றால் இன்றைக்கே நிறுவனத்துக்குப் போன் போட்டுத் தேதி வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் அந்தச் சுவரைத் தொடக் கூடாது, யாரைக் கேட்க வேண்டும் என்றால் இன்னாரைத்தான் என்று பெயரோடு, காண்டிராக்டரின் குவோட்டேஷனிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.