மெஷின் ஹெட்: தீயும் ஒலிப்பதிவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எழுபதுகளின் ராக் இசை பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் கிட்டார் கற்றுக்கொள்கிறான். எல்லாரையும் போல அவனும் டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் தொடக்கத்தில்தான் ஆரம்பித்தான். வீட்டில் இப்போது எந்நேரமும் அதுதான்.

ஒரு தீ விபத்தால் பிறந்த பாட்டு அது என்றும், தீ மட்டும் பிடித்திராவிட்டால் அது இடம்பெற்ற ‘மெஷின் ஹெட்’ ஆல்பமே சாதாரணமாகப் போயிருக்கும் என்றும் எங்கோ படித்தேன். மகனிடம் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு, “பெரிய பாட்டெல்லாம் தற்செயலாகத்தான் வரும், தினமும் சாதகம் செய்வதால் வராது” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆல்பம் உண்மையில் எப்படி உருவானது? வசதியுள்ள குழு ஏன் ஸ்டூடியோவை விட்டுவிட்டு ஹோட்டலில் போய்ப் பதிவு செய்தது? இன்னொன்று: மகன் சுரம் பிசகாமல்தான் வாசிக்கிறான், ஆனாலும் இசைத்தட்டில் கேட்கிற ஒலி வரவில்லை. ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் ஏழு பாடல்கள். தீ கொடுத்தது அவற்றில் ஒன்றின் வரிகளை மட்டும். அந்தப் பாட்டின் இசையைக்கூடத் தீ கொடுக்கவில்லை. இதை முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். தீ விபத்துக் கதை சுவையானது, சொல்லவும் எளிது. ஐம்பது ஆண்டுகளாக அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, ஐந்து இசைக்கலைஞர்களும் ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளரும் செய்த வேலையை மறைத்துவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

1971-இல் இந்தக் குழு எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். பாடகர் இயன் கில்லன், கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் கிட்டார் ரோஜர் க்ளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். ஓயாத மேடைக் கச்சேரிகள். முந்தைய ஆல்பமான ‘ஃபயர்பால்’, பயணங்களுக்கு இடையே கிடைத்த நாட்களில் துண்டு துண்டாகப் பதிவானது. அது அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. மேடையில் இருக்கும் வேகம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறது என்பது அவர்களின் மனக்குறை. எனவே அடுத்த ஆல்பத்தை ஒரே இடத்தில், ஒரே மூச்சில், கச்சேரி நடக்கும் அரங்கு ஒன்றிலேயே பதிவு செய்வதென்று முடிவெடுத்தார்கள். ஸ்டூடியோவை விட்டு வெளியேறியது விபத்தால் அல்ல. தெளிந்து எடுத்த முடிவு அது.

அதற்குக் கருவியும் இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு லாரிக்குள் முழு ஒலிப்பதிவுக் கட்டுப்பாட்டு அறையைப் பொருத்தி வைத்திருந்தது. எந்தக் கட்டடத்தின் வாசலிலும் அதை நிறுத்தலாம். உள்ளே மைக்குகளை வைத்து, கேபிள்களை லாரிவரை இழுத்துவந்தால் போதும். லெட் செப்பலின் குழு இங்கிலாந்தின் கிராமப்புற வீடு ஒன்றில் அதைக் கொண்டுதான் பதிவு செய்தது. அதே லாரியை டீப் பர்ப்பிள் வாடகைக்கு எடுத்தது. சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ நகரில், ஜெனீவா ஏரிக்கரையில் இருந்த கேசினோ என்ற கேளிக்கை விடுதியின் அரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஜாஸ் விழாவைத் தொடங்கி நடத்திவந்த க்ளோட் நோப்ஸ் ஏற்பாடுகளைச் செய்தார். டிசம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. அது முடிந்ததும் அரங்கு இவர்கள் கைக்கு வரும்.

அந்தக் கச்சேரி அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவுடையது. 1971 டிசம்பர் 4. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் தீச்சுடர் பாய்ச்சும் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது. ஸாப்பா பதறாமல் கூட்டத்தை வெளியேறச் சொன்னார். நோப்ஸ் உள்ளே ஓடி ஓடி, சிக்கிக்கொண்ட இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் கேசினோ முழுவதும் எரிந்து போயிற்று. புகை ஏரியின் மேல் பரவி நின்றதை டீப் பர்ப்பிள் குழுவினர் பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே தீயில் ஸாப்பா குழுவின் கருவிகள் எல்லாம் அழிந்தன. ஆறு நாள் கழித்து லண்டனில் ரசிகர் ஒருவர் ஸாப்பாவை மேடையிலிருந்து தள்ளிவிட, அவர் படுகாயமடைந்தார். தற்செயல் என்பது வரம் தரும் தெய்வம் என்றால் அது முதலில் ஸாப்பாவுக்கல்லவா ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்?

இருக்கட்டும். அரங்கு போய்விட்டது. வாடகை லாரி வாசலில் நிற்கிறது, நாட்கள் கரைகின்றன. நோப்ஸ் ஊருக்குள் பெவிலியன் என்ற அரங்கைப் பிடித்துக்கொடுத்தார். அங்கே இரவில் ஒரு பாட்டின் இசைப்பகுதியை மட்டும் வாசித்தார்கள். வரிகள் இல்லை, பெயரும் இல்லை. ‘டைட்டில் நம்பர் ஒன்’ என்று குறித்து வைத்தார்கள். ஒலி ஊரையே எழுப்பிவிட்டது. புகார் போய்ப் போலீஸ் வந்தது. குழுவின் உதவியாட்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, உள்ளே வாசிப்பு முடிந்தது. நீங்கள் இன்று வீட்டில் எந்நேரமும் கேட்பது அந்த இரவில் பதிவானதுதான். பெவிலியனில் வேறு எதையும் அவர்களால் பதிவு செய்ய முடியவில்லை.

கடைசியில் கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த பெரிய கட்டடம். அறைகளுக்கு இடையே போகும் நடைவழியில் கருவிகளைப் பரப்பினார்கள். ஒலி எதிரொலித்து மோதாமல் இருக்க, ஹோட்டலின் மெத்தைகளையே சுவரோரம் நிறுத்தினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. வழக்கமாக ஒரு டேக், அதாவது ஒருமுறை வாசித்துப் பதிவு செய்வது, முடிந்ததும் குழுவினர் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். இங்கே கட்டுப்பாட்டு அறை வாசலில் நிற்கும் லாரிக்குள் இருக்கிறது. நடைவழியைக் கருவிகளும் மெத்தைகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. எனவே ஓர் அறைக்குள் புகுந்து, பால்கனி வழியாக இன்னோர் அறைக்கு வந்து, படியிறங்கி, பனி விழும் முற்றத்தைக் கடந்து லாரியை அடைய வேண்டும். கேட்டு முடித்ததும் அதே வழியில் திரும்ப வேண்டும். கொஞ்ச நாளில் அவர்கள் கேட்கப் போவதையே விட்டுவிட்டார்கள். வாசித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சரியாக வந்தது என்று தோன்றினால் அடுத்த பாட்டு.

மகனிடம் இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: பதிவு செய்ததைக் கேட்டுப் பார்க்காமலே ‘சரி’ என்று சொல்ல யாரால் முடியும்? எத்தனையோ இரவுகள் ஒன்றாக நின்று வாசித்தவர்களால்தான் முடியும். பெய்ஸ் எந்த இடத்தில் ஒரு நொடிப்பொழுது முந்துவார், லார்ட் எங்கே இடம் விடுவார் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு உடம்பில் ஏறியிருந்தது. ‘ஹைவே ஸ்டார்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 செப்டம்பரில் போர்ட்ஸ்மத் நகருக்குப் போகும் பஸ்ஸில், நீங்கள் பாட்டு கட்டுவது எப்படி என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, பிளாக்மோர் கிட்டாரை எடுத்து ஒரு தாளத்தை விடாமல் மீட்டத் தொடங்கினார். கில்லன் வாய்க்கு வந்த வரிகளைச் சேர்த்தார். அன்றிரவே மேடையில் பாடினார்கள். ‘பார்த்தாயா, இதுவும் தற்செயல்தான்’ என்று மகன் சொல்லக்கூடும். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டை மேடையில் வாசித்து வாசித்துச் செதுக்கிய பிறகுதான் மோன்த்ரூவுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் வரும் கிட்டார் தனி ஆவர்த்தனம் அந்த நேரத்து உந்துதலில் வந்ததுபோல ஒலிக்கும். உண்மையில் பிளாக்மோர் அதை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் பாணியிலான சுர அடுக்குகளின் மேல் முன்கூட்டியே ஒவ்வொரு சுரமாக அமைத்து வைத்திருந்தார். ‘லேஸி’ பாட்டும் இப்படியே மேடையில் பழுத்து வந்ததுதான்.

கில்லனின் நிலையையும் மறக்க வேண்டாம். அந்த இலையுதிர்காலத்தில்தான் கல்லீரல் அழற்சி கண்டு அவர் படுத்தார், அமெரிக்கப் பயணம் ரத்தாயிற்று. அதிலிருந்து எழுந்துவந்த மனிதரின் குரலா இது என்று ‘ஹைவே ஸ்டார்’ கேட்கும்போதெல்லாம் வியக்கிறேன்.

லாரிக்குள் உட்கார்ந்திருந்தவர் ஒலிப்பதிவுப் பொறியாளர் மார்ட்டின் பர்ச். தீக்கதையைச் சொல்பவர்கள் யாரும் இவர் பெயரைச் சொல்வதில்லை. மேடைக்குரிய ஓசையோடு வாசிக்கும் ஐந்து பேர். அவர்களோ கட்டடத்துக்குள், இவரோ வெளியே லாரியில். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் துலங்கவும் வேண்டும், ஐந்தும் ஒன்றாக வந்து மோதவும் வேண்டும். ‘மெஷின் ஹெட்’டில் அது நடந்திருக்கிறது. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டில் க்ளோவரின் பேஸ் கிட்டார் தனியாக எழும் இடத்தைக் கேளுங்கள். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அந்தக் கனத்த தந்தி எப்படித் தெளிவாக நிற்கிறது! பின்னாளில் அயர்ன் மெய்டன் போன்ற குழுக்களின் ஒலியை வடித்தவரும் இதே பர்ச்தான்.

இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. முடிகிற நேரத்தில் தட்டின் நீளம் போதவில்லை என்று தெரியவந்தது. பெவிலியனில் பதிவு செய்த பெயரில்லாத இசை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தீக்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் தூக்கத்திலிருந்து விழித்தபோது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்ற சொற்கள் க்ளோவரின் வாயில் வந்திருந்தன. போதைப்பொருள் பாட்டு போல ஒலிக்கிறதே என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு, தாங்கள் பட்ட பாட்டை கில்லனும் க்ளோவரும் வரிசையாக எழுதினார்கள்: கேசினோ, ஸாப்பா, நோப்ஸ், லாரி, ஹோட்டலின் பழைய கட்டில்கள். அலங்காரம் எதுவும் இல்லாத, செய்தி சொல்வது போன்ற வரிகள். அதனாலேயே அவை நிலைத்தன என்பது என் எண்ணம்.

குழு இதை வெற்றிப் பாடலாக நினைக்கவே இல்லை. 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தபோது அவர்கள் நம்பித் தனித்தட்டாக (சிங்கிள்) வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ பாட்டை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது 35-ஆம் இடத்தோடு நின்றது. ஆல்பமோ அங்கே முதலிடத்துக்குப் போயிற்று. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ 1973-இல்தான் அமெரிக்காவில் தனித்தட்டாக வந்து நான்காம் இடம்வரை ஏறியது. அதாவது அந்தப் பாட்டின் புகழ் வருவதற்கு முன்பே ஆல்பம் தன் காலில் நின்றுவிட்டது. அந்த நாட்களில் பதிவான ‘வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்’ என்ற அருமையான மெதுநடைப் பாட்டு ஆல்பத்தில் இடம்பெறாமல், ‘நெவர் பிஃபோர்’ தட்டின் பின்பக்கத்துக்குப் போயிற்று. ‘மேபி ஐம் எ லியோ’வை எடுத்துவிட்டு இதைச் சேர்த்திருந்தால் ஆல்பம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பேன். சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு.

மகனின் கிட்டாருக்கு வருகிறேன். பெரும்பாலும் அந்தத் தொடக்க ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சுரத்தொடரை) ஒரே தந்தியில் ஒற்றைச் சுரங்களாகவோ, ச–ப உறவில் இரட்டைச் சுரங்களாகவோ சொல்லிக்கொடுக்கிறார்கள். பிளாக்மோர் வாசிப்பது ச–ம உறவில். அடுத்தடுத்த இரண்டு தந்திகளைப் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) இல்லாமல், விரல்களால் ஒரே நேரத்தில் கிள்ளுகிறார். பிளெக்ட்ரத்தால் தடவினால் ஒரு தந்தி முன்னும் மற்றது பின்னுமாக ஒலிக்கும். கிள்ளினால் இரண்டும் ஒரே கணத்தில் வெடிக்கும். அந்த இறுக்கம் அங்கிருந்து வருகிறது. மேலும் தட்டில் கேட்பது கிட்டார் மட்டும் இல்லை. முதல் சுற்றில் கிட்டார் தனியாக. பிறகு டிரம்ஸில் உள்ள ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தின் சன்னமான தட்டல். அதோடு லார்டின் ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கன் அதே சுரங்களில் சேர்கிறது. அவர் ஆர்கனைக் கிட்டார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்துபவர் என்பதால் அது இன்னொரு முரட்டுக் கிட்டார் போலவே உறுமும். பிறகு மற்ற டிரம்கள், கடைசியாகப் பேஸ். ஒவ்வொருவராக உள்ளே வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். தனியாக வாசிக்கும் மகனுக்கு அந்த ஒலி வராததில் அவன் குறை ஏதும் இல்லை.

இதோடு ‘மேட் இன் ஜப்பான்’ தட்டையும் வாங்கிக்கொடுங்கள். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு. அதன் ஏழு பாடல்களில் நான்கு ‘மெஷின் ஹெட்’டில் உள்ளவை. ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ ஹோட்டல் நடைவழியில் நாலரை நிமிடம், ஜப்பான் மேடையில் ஏறக்குறைய இருபது நிமிடம். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆர்கனும் கிட்டாரும் எந்த இடத்தில் பாட்டை விட்டு விலகிப் போகின்றன, பெய்ஸ் அவற்றை எப்படித் தாங்கிக்கொண்டே இருக்கிறார் என்று மகன் குறித்து வைக்கட்டும். அவன் என்ன குறித்தான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்