குழந்தையின் கழுத்தில் நெறி கட்டினால் அஞ்ச வேண்டுமா?

மூன்று வயது மகனைக் குளிப்பாட்டும்போது கழுத்தில் கடலையளவு கட்டி தட்டுப்பட்டதாகவும், அது புற்றுநோயோ எனவும் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டுள்ளார். தடிமன், தொண்டை நோ, பேன் கடியைச் சொறிந்த புண் என எது வந்தாலும் கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்க்கணுக்கள் வீங்குவதையே நெறி கட்டுதல் என்கிறோம். 1 சென்ரிமீற்றருக்கு உட்பட்டு, விரலுக்கடியில் வழுக்கி நகரும் கணு, நோய் மாறிய பின்னரும் சில வாரங்கள் தங்கியிருப்பது சிறுவரிடம் வழமையே. (நாள்தோறும் அழுத்திப் பார்ப்பது பயத்தைத்தான் வளர்க்கும்.) பிறந்தவுடன் இடது கையில் போடும் பீ.சீ.ஜீ. எனும் காசநோய்த் தடுப்பூசியாலும் கைக்குழந்தையின் அக்குளில் நெறி கட்டலாம். ஆனால் காறை எலும்புக்கு மேலே தோன்றும் கட்டி எவ்வளவு சிறிதாயினும், 2 சென்ரிமீற்றரைத் தாண்டியோ கல்லைப்போல் இறுகி அசையாமலோ இருக்கும் கணுவாயினும், அல்லது கூடவே உடல் மெலிவும் நீடித்த காய்ச்சலும் காணப்பட்டாலும், தாமதியாமல் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.