பக்கத்து நாற்காலியைக் காலி செய்யுங்கள்

வாசகி, ஹொரமாவு, பெங்களூரு (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்):

"என் மகனுக்குப் பத்து வயது. மூன்று வருடமாகப் பியானோ வகுப்புக்குப் போகிறான். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வில் கிரேடு 1 முடித்து, போன வருடம் கிரேடு 2-ல் 117 மார்க் வாங்கினான். மூன்று மார்க்கில் மெரிட் போய்விட்டதே என்று என் கணவருக்கு இன்னும் ஆறவில்லை. எதிர் பிளாக் பையன் டிஸ்டிங்ஷன் வாங்கிய சான்றிதழை அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. இப்போது கிரேடு 3-க்குப் பெயர் கொடுக்கச் சொல்லி மிஸ் கேட்கிறார். தினமும் இரவு ஏழரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்கிறேன். தினமும் அழுகை. போன வாரம் கீபோர்டின் மேல் போர்வையைப் போட்டு மூடி, 'இது செத்துப்போச்சும்மா' என்றான். எனக்குச் சங்கீதம் தெரியாது. நன்றாகப் பாடத் தெரிந்த என் மாமியாரோ, 'நம்ம பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்லை' என்கிறார். நிறுத்திவிடலாமா? மார்க் ஷீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்."

தோழிக்கு,

போர்வை போட்டு மூடினான் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓங்கிக் குத்தவில்லை, தள்ளிவிடவில்லை. மரியாதையாக மூடி, இரங்கல் செய்தியும் சொல்லியிருக்கிறான். பியானோவே வேண்டாம் என்று வெறுத்த பிள்ளை இப்படிச் செய்யாது. வகுப்பை நிறுத்த வேண்டாம். கிரேடு 3-க்கு இந்த முறை பெயர் கொடுக்கவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

மார்க் ஷீட் அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் வீட்டில் எல்லோரும் 117 என்ற கூட்டுத்தொகையை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். இந்தத் தேர்வின் மொத்தம் 150. பயிற்சி செய்துகொண்டு போய் வாசிக்கும் மூன்று பீஸ்களுக்குத் தலா 30, ஸ்கேல்கள் எனப்படும் ஸ்வர வரிசைகளுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, ஆரலுக்கு 18. பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. உங்கள் மகன் பீஸ்களில் 25, 24, 25. ஸ்கேல் 16. ஆரல் 15. சைட் ரீடிங் 12.

அந்த 12-ல்தான் நீங்கள் எழுதியதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு மட்டும் பாஸ் அளவு என்று பார்த்தால் 14. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அது கூட்டுத்தொகையில் மறைந்துவிட்டது. சைட் ரீடிங் என்றால், முன்பின் பார்க்காத ஒரு சின்ன நொட்டேஷனை, அதாவது எழுதிவைத்த இசைக் குறிப்பை, எதிரே வைத்து, அரை நிமிடம் பார்க்க விட்டு, வாசிக்கச் சொல்வது. ஆரல் என்பது காதுக்கான சோதனை. அதில் 18-க்கு 15 வாங்கியிருக்கிறான், அருமையான காது. ஆக, பையனுக்குக் காது கேட்கிற வேகத்துக்குக் கண் படிக்கவில்லை.

நானும் பியானோ சொல்லிக்கொடுப்பவள்தான், இப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மிஸ் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். புத்தகம் எதிரே திறந்திருக்கும், கண்ணும் அதன் மேல்தான் இருக்கும், ஆனால் படிக்க மாட்டார்கள். கிரேடு 1, 2 வரை காதை வைத்தே சமாளித்துவிடலாம். கிரேடு 3-ல் பீஸ்கள் நீளமாகும், இடது கைக்குத் தனி வேலை வரும். அப்போது ஒவ்வொரு புதுப் பக்கமும் மலையாக நிற்கும். வீட்டில் மிஸ் இல்லை, வாசித்துக்காட்ட ஆள் இல்லை, நொட்டேஷனை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து "இன்னொரு தடவை வாசி" என்கிறாள். படிக்கத் தெரியாத பாடத்தைப் பத்து தடவை வாசி என்று உங்களையும் என்னையும் சொன்னால் நாமும்தான் அழுவோம்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு கிரேடு என்று ஒரு மாணவியை கிரேடு 5 வரை ஓட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் நல்ல மார்க். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. அவளுடைய அக்கா கல்யாண ரிசப்ஷனில் மேடையோரம் ஒரு கீபோர்டு இருந்தது. "ஏதாவது வாசிம்மா" என்று பெரியப்பா கூப்பிட்டார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், அந்த பீஸெல்லாம் மறந்துபோச்சு" என்றாள். ஐந்து வருடம், பதினைந்து பீஸ். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த சங்கீதம், அதுவும் கையை விட்டுப் போய்விட்டது. அன்று ரிசப்ஷன் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதனால் இந்த ஒரு வருடம் தேர்வு வேண்டாம் என்கிறேன். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: இந்த பிராக்டிகல் தேர்வுகளை ஒன்று விடாமல் வரிசையாக எழுத வேண்டியதில்லை. கிரேடு 2 முடித்தவன் 3-ஐத் தாண்டி நேரே 4 எழுதலாம். கிரேடு 6, 7, 8-க்குப் போகும்போதுதான் கிரேடு 5 தியரி, அதாவது இசை இலக்கணத் தேர்வு, கேட்பார்கள். அதற்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. 2020-லிருந்து பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று ஒன்றும் நடத்துகிறார்கள்: ஸ்கேல், சைட் ரீடிங், ஆரல் எதுவும் கிடையாது, நான்கு பீஸ்களை ஒரே மூச்சில் வாசித்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். உங்கள் கணவர் இதைக் கேள்விப்பட்டால் "இதுதான் நம்ம பையனுக்கு, மெரிட் நிச்சயம்" என்பார். மார்க்குக்குச் சரிதான், பையனுக்குச் சரியில்லை. எங்கே நொண்டுகிறானோ அந்த இடத்தை மூடி மறைக்கத்தான் அது இப்போது உதவும்.

இந்த வருடம் என்ன வாசிப்பது? அவன் இருக்கும் நிலைக்கு ஒன்றிரண்டு படி கீழே இருக்கும் புத்தகங்கள். கிரேடு 1-க்கும் கீழே என்றாலும் பரவாயில்லை. எட்டு பார், பன்னிரண்டு பார் (நொட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) உள்ள குட்டிப் பாட்டுகள். ஒரு நாளைக்கு இரண்டு, ஒரே ஒரு தடவை, தப்பானாலும் நிற்காமல். மறுநாள் வேறு இரண்டு. பிழை திருத்த வேண்டாம். பக்கத்துக் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிக் கன்னடம் கற்றுக்கொண்டோமே, அந்த மாதிரி. பழைய புத்தகங்கள் மிஸ்ஸிடமே குவிந்து கிடக்கும், கேளுங்கள்.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். மிச்சம் பத்து, பதினைந்து நிமிடம் வகுப்புப் பாடத்துக்கு. அதிலும் முழுப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டக் கூடாது. பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்: தெரிந்த முதல் வரியை நாற்பது தடவை ஜோராக வாசிப்பார்கள், சிக்கல் இருக்கும் மூன்றாவது வரியில் தடுக்கி விழுந்து மறுபடி முதலுக்குப் போவார்கள். சிக்கலான இரண்டு பாரை மட்டும் பென்சிலால் வளைத்துவிடுங்கள். அதையும் இடது கை தனி, வலது கை தனி, பிறகு இரண்டும் சேர்த்து, நிதானமாக. மாமியாரிடம் பல்லாங்குழிப் புளியங்கொட்டை இருந்தால் ஐந்து வாங்கி இடது ஓரம் வைக்கட்டும். ஒரு தடவை சரியாக வந்தால் ஒரு கொட்டை வலது பக்கம் போகும். தப்பினால் ஒன்று திரும்பி வரும். ஐந்தும் வலது பக்கம் சேர்ந்ததும் எழுந்துவிடலாம். என் மாணவர்கள் நிறையப் பேர் இதை ஆட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எங்கே இருப்பது? அந்த நாற்காலியில் மட்டும் வேண்டாம். எனக்குச் சின்ன வயதில் வீணை. அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே "அபஸ்வரம்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவள் சொன்னதில் பாதி தடவை ஸ்வரம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் குரலுக்குப் பயந்து தந்தியை அழுத்தமாகத் தொடவே நான் வருடக்கணக்கில் தயங்கினேன். சங்கீதம் தெரியாது என்று நீங்கள் சொல்வது இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி. அவன் வாசிக்கும்போது அதே அறையில் துணி மடியுங்கள், கேளுங்கள். முடித்ததும் "அந்த இரண்டாவது பாட்டு மறுபடி வாசிக்கிறாயா, எனக்குக் கேட்கணும்" என்று உண்மையாகவே தோன்றினால் சொல்லுங்கள். தோன்றாவிட்டால் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏழரை மணி என்பது இந்த ஊரில் ரொம்பத் தாமதம். ரிங் ரோடு நெரிசலில் பள்ளி வண்டியில் ஊர்ந்து வந்து, டியூஷன், ஹோம்வொர்க் எல்லாம் ஆன பிறகு அவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? காலையில் குளிப்பதற்கு முன் பத்து நிமிடம், மாலை வந்து டிபன் சாப்பிட்டதும் பத்து நிமிடம். காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளட்டும்.

போர்வைக்குள் அடங்குகிறது என்றால் உங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டில் வைத்த 61 கட்டை கீபோர்டு என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கட்டைகளுக்குக் கனம் இருக்காது. மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, அழுத்தினால் பெரிய ஒலி என்ற பேதத்தை விரல் அதில் சரியாகக் கற்காது. தேர்வு அறையில் நிஜப் பியானோ முன் உட்கார்ந்ததும் கட்டை இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது போல் இருக்கும். வருடச் செலவில் தேர்வுக் கட்டணம் மிச்சமாகிறதே, அதோடு கொஞ்சம் சேர்த்து, கனமான 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ பழையதாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கால் தரையில் எட்டாமல் தொங்கினால் கீழே ஒரு மணை போடுங்கள். முழங்கை கட்டை மட்டத்துக்கு வர வேண்டும்.

இப்போது உங்கள் மாமியார். அவரை எதிர்க்கட்சியாக நினைக்காதீர்கள், ஆரலில் வாங்கிய அந்த 15 மார்க்கில் அவருக்குப் பங்கு இருக்கிறது என்பது என் சந்தேகம். ஆரல் தேர்வில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தேர்வாளர் வாசிக்கும் இசைக்குக் கை தட்டி, இரண்டு எண்ணிக்கையா மூன்றா என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னச் சங்கதியை அவர் வாசிக்க, பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். குரல் இனிமைக்கு மார்க் கிடையாது, முணுமுணுத்தாலே போதும். பாட்டு வாத்தியார் பாட, நாம் திருப்பிப் பாடி, தொடையில் தாளம் போட்டுக் கற்றோமே, அதேதான்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பேரன் வாசிக்கும் மேஜர் ஸ்கேல் நம்முடைய சங்கராபரண ராகம். ஹார்மோனிக் மைனர் என்பது கீரவாணி. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் மட்டும் இருக்காது, அதைக் கட்டையில் கொண்டுவரவும் முடியாது. முத்துஸ்வாமி தீட்சிதரே இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். பாட்டி கீரவாணியில் ஒரு வரி பாடட்டும், பேரன் அதைக் கட்டையில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மல்லேஸ்வரம் பக்கம் சௌடையா ஹாலுக்குக் கச்சேரிக்கு அனுப்புங்கள். கட்டடமே வயலின் வடிவம், பையன் வாசலிலேயே கால் மணி நேரம் நின்றுவிடுவான்.

கணவர் விஷயம் சுருக்கம். சான்றிதழ் போட்ட குழுவை மியூட் செய்யச் சொல்லுங்கள். மூன்று மார்க் எங்கே போயிற்று என்று கேட்டால் மார்க் ஷீட்டில் 12-ஐக் காட்டுங்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

மிஸ்ஸிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், மெசேஜ் வேண்டாம். "தேர்வு வேண்டாம்" என்று ஆரம்பித்தால் அவருக்கு வகுப்பே நிற்கப்போகிறது என்று தோன்றும்; எங்களுக்கும் மாதச் சம்பளக் கவலை உண்டு. "சைட் ரீடிங்கில் பின்தங்கியிருக்கிறான், இந்த வருடம் அதைச் சரிசெய்வோமா, அடுத்த வருடம் 3-ஆ 4-ஆ என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் உடனே புத்தக அலமாரியைத் திறப்பார். ஒவ்வொரு வருடமும் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று அடித்துச் சொன்னால், அப்போது எனக்கு எழுதுங்கள், வேறு ஆசிரியர் தேடுவதைப் பற்றிப் பேசலாம். மிஸ்ஸோடு பேச்சு நடக்கும்போது மட்டும் பையனைக் கீழே கிரிக்கெட் ஆட அனுப்பிவிடுங்கள்.