வாசகர் கேள்வி – பதில்: பாங்காக்கில் முதல் இரண்டு மாதங்கள்

கேள்வி: கணவரின் பணி மாற்றத்தால் பாங்காக்கில் குடியேறி இரண்டு மாதங்கள் ஆகின்றன. எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்கிறார்கள். ஆனால் ஒருவரோடும் நெருங்க முடியவில்லை. அறிமுகமானவுடனேயே என் வயதைக் கேட்பது சங்கடமாக இருக்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்களிடம் தவறு எதுவும் இல்லை, சகோதரி. அவர்கள் வயதைக் கேட்பது உங்களை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். தம்மைவிட மூத்தவரை 'பி' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைப்பது அந்நாட்டு வழக்கம். இவற்றில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. நம் அண்ணனும் அக்காவும் முதல் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள், தம்பியும் தங்கையும் அடுத்த சொல்லில். முன்பின் தெரியாதவரையும் முறை சொல்லி அழைத்துப் பழகிய நமக்கு இது எளிதாகவே வரும்.

பாங்காக்கில் நான் குடியிருந்த சந்தின் முனையில் ஒரு பழவண்டி நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பனிக்கட்டியின்மேல் அடுக்கிய கொய்யாவை அந்த அம்மையார் துண்டு துண்டாக நறுக்கிப் பையில் இட்டு, குத்தி எடுக்க ஒரு மூங்கில் குச்சியும், உப்பும் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் கலந்த சிறு பொட்டலமும் சேர்த்துத் தருவார். பல வாரங்கள் விரலால் சுட்டிக்காட்டியே வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், அப்போதுதான் கற்றுக்கொண்ட 'கின் காவ் ரூ யங்' என்பதை, 'பி' என்று அழைத்துவிட்டுக் கேட்டேன். 'சோறு சாப்பிட்டாயிற்றா?' என்பதே அதன் பொருள். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று முதல் நான் அவருக்கு 'நோங்' ஆகிவிட்டேன். இன்றைக்கு அன்னாசி புளிக்கிறது, வேண்டாம் என்று தாமாகவே தடுக்கும் அளவுக்கு உரிமை வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தினால் அங்கே காரியம் கெடும். குழாய் ஒழுகியதற்காக நான் ஒருமுறை கத்தியபோது, பழுது பார்க்க வந்தவர் முகத்தில் சிரிப்புத்தான் அதிகமானது; வேலை நின்றுவிட்டது. அது சங்கடத்தை மறைக்கும் சிரிப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கோபப்படுபவரிடம் அவர்கள் சொல்வது 'ஜாய் யென் யென்'. 'உள்ளம் குளிரட்டும்' என்று நம் மொழியில் சொல்லிப் பாருங்கள், அதன் கனிவு விளங்கும்.

கேள்வி: நான் சைவ உணவுக்காரன். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் வாடை வீசுகிறதே?

பதில்: அது 'நாம் பிளா' என்னும் மீன் சாறு, நாம் உப்புப் போடுவதுபோல் அதை ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் 'ஜே' என்று எழுதியிருக்கும் கடைகளைத் தேடுங்கள். அங்கே மீனும் முட்டையும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

கேள்வி: சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தமிழர்களைவிட அந்நாட்டு மக்களே அதிகம் வழிபடுகிறார்களே, எப்படி?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. பௌத்தர்களாக இருந்துகொண்டே நம் தெய்வங்களையும் வணங்குவதில் அம்மக்கள் முரண்பாடு எதையும் காண்பதில்லை. பாங்காக்கின் எராவான் சன்னதியில் நான்முகப் பிரம்மனுக்கு மாலை சாத்துபவர்களும் அவர்களே. இந்த உறவு குடியேற்றத்தைவிடப் பழையது. அரண்மனைச் சடங்குகளை நடத்தும் அந்தணர்கள் 'திரியம்பாவாய், திரிபாவாய்' என்ற பெயரில் ஆண்டுதோறும் நடத்தும் விழாவில் திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றின் பெயர்களே திரிந்து ஒலிக்கின்றன. உச்சரிப்பு வெகுவாக மாறிப்போனாலும், மணிவாசகரின் பாடல் கடல் கடந்து அங்கே நிலைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். இவ்விழாவின் பகுதியாக இருந்த ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது; 1784-இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமர் அமைத்த மாபெரும் ஊஞ்சலின் சிவப்புத் தூண்கள், பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் நிற்கின்றன. சாம் யோட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அருகிலுள்ள தேவஸ்தான் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.