காய்ந்த தரையில் 8 செ.மீ. தண்ணீர்

வாசகர் கேள்வி பதில்: ஊர்ப் பிரச்சினைக்குக் கருவி செய்யும் வடசென்னை மாணவர்களுக்காக

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், பிளஸ் டூ படிக்கிறோம். மழை வந்தால் எங்கள் ஏரியா சப்வேயில் தண்ணி நின்றுவிடும். இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினி போர்டும், ஒலியால் தூரம் பார்க்கும் எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்து, தண்ணி ஏறினால் போனுக்குத் தகவல் வருகிற மாதிரி செய்திருக்கிறோம். கிளாஸில் சரியாக வேலை செய்கிறது. மொட்டைமாடியில் வைத்தால் மத்தியானம் ஓர் அளவு, ராத்திரி ஓர் அளவு, நடுவில் சம்பந்தமே இல்லாத எண். விடியற்காலையில் போர்டே அணைந்துவிடுகிறது.
மாணவிகள், வியாசர்பாடி

பதில்: நீங்கள் சொல்வதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் மத்தியான அளவு. சென்சார் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை, ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் அளக்கிறது. இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று எழுதிவைத்திருக்கும். அது 20 டிகிரிக்கான கணக்கு. நம் ஊர் வெயிலில் 35 டிகிரி என்றால் வேகம் 352-ஐத் தொடும். 3 மீட்டர் உயரத்தில் மாட்டிய சென்சார் அப்போது 292 செ.மீ. என்று காட்டும். அதாவது காய்ந்த தரையிலேயே 8 செ.மீ. தண்ணீர் நிற்பதாகச் சொல்லும். டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார் ஒன்றைச் சேர்த்து, வேகத்தை 331.3 + 0.606 × வெப்பநிலை என்று ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள். வெப்பச் சென்சாரை நிழலில் வையுங்கள். வெயிலில் காயும் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் சூட்டைத்தான் சொல்லும்.

அடுத்தது சம்பந்தமில்லாத எண். பக்கச் சுவர், இரும்பு ஏணி, மழைத்துளி எதில் பட்டும் ஒலி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஐந்து முறை அளந்ததில் 142, 141, 143, 600, 142 என்று வந்தால் சராசரி 233.6. அப்படி ஓர் உயரம் அங்கே கிடையவே கிடையாது. வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 142. பதினொரு முறை அளந்து நடு எண்ணை எடுங்கள், பாதித் தொல்லை தீர்ந்துவிடும். இன்னொன்று, எச்சி-எஸ்ஆர்04-இன் இரண்டு கண்களும் திறந்தவை, மழைக்குத் தாங்காது. கண் மட்டும் ஒயரில் தனியே வரும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள், ரிச்சி தெருவில் கிடைக்கும். அதற்கு முன்னால் 25 செ.மீ. வரை எதுவும் தெரியாது. அதனால் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் சென்சாருக்குக் கீழே 30 செ.மீ.யாவது இடைவெளி இருக்கும்படி மாட்டுங்கள். 5 வோல்ட்டில் ஓட்டினால் அளவைத் திருப்பி அனுப்பும் எக்கோ பின்னிலும் 5 வோல்ட் வரும், இஎஸ்பி32 தாங்குவது 3.3 தான். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் போட்டு மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். இதைச் செய்யாமலும் சில நாள் ஓடும், பிறகு அந்தப் பின் செத்துவிடும்.

விடியற்காலையில் அணைவதற்கு பேட்டரிதான் காரணம் என்று படுகிறது. 18650 லித்தியம் பேட்டரி செல்லை நேராக போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்திருப்பீர்கள். பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், அதாவது மின்னழுத்தத்தை 3.3-க்கு இறக்கும் சிப், தனக்கென்று சுமார் 1 வோல்ட் எடுத்துக்கொள்ளும். செல் 3.7-க்கு இறங்கியதும் சிப்புக்கு 2.7 தான் மிஞ்சும். வைஃபை ஆன் ஆகும் நொடியில் மின்னோட்டம் எகிறும், மின்னழுத்தம் சரியும், போர்டு ரீசெட் ஆகும். செல்லுக்கும் போர்டுக்கும் நடுவில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் மாட்யூல் ஒன்று போடுங்கள். சென்சாருக்கும் அதே 5 வோல்ட் போதும். 3.3 வோல்ட் பின் அருகே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வையுங்கள்.

சப்வேயில் வைஃபை இருக்காது. சிம் போட்டுத் தகவல் அனுப்பும் சிம்800எல் மாட்யூல் வாங்குவதாக இருந்தால், அது 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் வேலை செய்யாது. மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் செல்லிலிருந்து தடித்த ஒயரில் நேராகக் கொடுங்கள்.

இதையெல்லாம் விட எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. கருவி செத்துப்போனாலும் போனுக்குத் தகவல் வராது, தண்ணீர் இல்லையென்றாலும் வராது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. தினமும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ‘ஓடிக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் 0, பேட்டரி 3.9’ என்று ஒரு வரி அனுப்பும்படி எழுதுங்கள். அந்த வரி வரவில்லையென்றால் யார் போய்ப் பார்ப்பது என்று முதலிலேயே பெயர் குறித்துவையுங்கள். சப்வே சுவரில் தரையிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு, 30-இல் சிவப்புக் கோடு போட அனுமதி கேளுங்கள். கருவி ஏமாற்றினாலும் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். சப்வேயைப் பராமரிக்கும் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். ஒயரும் பேட்டரியுமாக ஒரு பெட்டி சுவரில் தொங்கினால் பார்ப்பவர்கள் பயப்படுவார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் சில நாள் சாக்கடை வாடையோடு வருகிறது. டிடிஎஸ் சென்சாரை வைத்து, கழிவுநீர் கலந்தால் ஆப்பில் சிவப்பு காட்டும்படி செய்யலாமா?
டிப்ளமோ மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். அந்த ஆப் பச்சை காட்டிய தண்ணீரை ஒரு குழந்தை குடித்துவிடும்.

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு, சாக்கடையில் 900 என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஐந்து பங்கு சாக்கடை கலந்தால் மீட்டரில் 330 வரும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கிறது. மீட்டர் நல்ல தண்ணீர் என்றே சொல்லும்.

உங்களுக்கு வேண்டியது எச்2எஸ் பரிசோதனைப் பாட்டில். குறித்த கோடு வரை தண்ணீர் பிடித்து, 30 முதல் 37 டிகிரிச் சூட்டில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கறுக்கவில்லை என்பதற்காகக் குடிக்கலாம் என்று அறிவித்துவிடாதீர்கள். கூடவே, குளோரின் இருந்தால் தண்ணீரின் நிறத்தை மாற்றும் டிபிடி மாத்திரையால் குளோரினைப் பாருங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். வழக்கமாக இருக்கும் குளோரின் ஒருநாள் சுத்தமாக இல்லையென்றால், அதுவே முதல் எச்சரிக்கை.

எப்போது பிடிக்கிறீர்கள் என்பது முக்கியம். தண்ணீர் விடாத நேரத்தில் பைப்பில் அழுத்தம் இருக்காது. விரிசல் வழியாக வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே கசியும். லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் இதேதான் நடக்கும். அதனால் தண்ணீர் விட்ட முதல் நிமிடத்தில் ஒரு பாட்டில், பத்து நிமிடம் கழித்து ஒரு பாட்டில். அடிபம்பு என்றால் முதல் அடியில் வருவதையே பிடியுங்கள்.

தொழில்நுட்பம் இனிமேல்தான் வருகிறது. தெருவில் இருபது வீடு, ஒரே நாள், நாற்பது பாட்டில். வீட்டு எண், நேரம், குளோரின், பாட்டிலின் போட்டோ எல்லாம் ஒரே தாளில் ஏறட்டும். பைப் வரும் திசையில் வீடுகளை வரிசைப்படுத்துங்கள். 13-ஆம் எண் வரை தெளிவு, 14-லிருந்து கறுப்பு என்று வந்தால் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ தோண்டிப் பார்க்க வேண்டும். ‘தண்ணி நாறுது’ என்ற புகாரை விட, பகுதிப் பொறியாளர் கையில் கொடுக்கும் இந்த ஒரு பக்கம் சீக்கிரம் ஆளை வரவழைக்கும். கறுத்த பாட்டிலில் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

கேள்வி: மணலியில் காற்று மாசை அளக்க, தூசியை எண்ணும் பிஎம்எஸ்5003, வாயுவை உணரும் எம்க்யூ-135 என்ற இரண்டு சென்சாரும் வைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் காலையில் எண் பயங்கரமாக ஏறுகிறது. எந்தக் கம்பெனியின் புகை என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?
பொறியியல் மாணவர்கள், திருவொற்றியூர்

பதில்: முடியாது. ஈரம் கூடிய காற்றில் தூசி நீரை உறிஞ்சி ஊதிப்போகும். லேசர் சென்சார் அதைப் பெரிய தூசியாக எண்ணிவிடும். ஈரப்பத அளவையும் கூடவே பதிவு செய்து, 80 சதவீதத்துக்கு மேல் வந்த எண்களைத் தனியாக வையுங்கள். மணலியிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஏழு நாள் உங்கள் கருவியை ஓட்டி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிஎம்2.5 என்ற நுண்தூசிக்குக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு, ஒரு நிமிட எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது. எம்க்யூ-135 அமோனியாவுக்கும் துடிக்கும், சாராய ஆவிக்கும் துடிக்கும். அதன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாயுவின் பெயரை எழுதாதீர்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். குப்பை, தெருவிளக்குப் புகாருக்கு அவள் குழு ஆப் செய்யப்போகிறதாம். என்ன மொழியில் எழுத வேண்டும்?
ஒரு தந்தை, ராயபுரம்

பதில்: புகாருக்கு மாநகராட்சியின் 1913 எண்ணும் ‘நம்ம சென்னை’ ஆப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொரு ஆப் வந்தால் புகார் வாங்க ஓர் இடம் கூடும், விளக்கைச் சரிசெய்ய ஓர் ஆள் கூடமாட்டார். அதற்குப் பதில் படிவம் செய்ய உதவும் கோபோடூல்பாக்ஸில் தமிழில் ஆறு கேள்வி போட்டு ஒரு படிவம் செய்யச் சொல்லுங்கள். காசு வேண்டாம், நெட் இல்லாமலும் நிரப்பலாம். கம்பத்தின் எண், எரிகிறதா, எத்தனை நாளாக, போட்டோ, 1913-இல் கொடுத்த புகார் எண், விளக்கு சரிசெய்யப்பட்ட தேதி. ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம், சந்துக்குள் அது பக்கத்துத் தெருவைக் காட்டும். அதனால்தான் கம்பத்து எண்ணைக் கேட்கச் சொல்கிறோம். யாருடைய பெயரும் போன் நம்பரும் வேண்டாம். 2023-இன் தனிநபர் தரவுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரம் வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். போட்டோவில் முகம் விழாமல் கம்பத்தின் உச்சியை மட்டும் எடுக்கட்டும். இரவு ஏழு மணிக்குப் போக வேண்டியிருக்கும், பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும்.